ஒற்றை வாக்குக்காரர்களின் கோரிக்கைச் சாசனம்

16-ஆவது பொதுத் தேர்தலில் லெம்பா பந்தாய், புக்கிட் பிந்தாங் தொகுதிகளில் நிற்கப்போகும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும் சுயேச்சைகளுக்கும் பிரிக்பீல்ட்ஸ், பங்சார், கம்போங் கெரிஞ்சி, பந்தாய் டாலாம் வட்டார வாக்காளர்கள் எழுதுவது.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே நீங்கள் எங்களைத் தேடி வருவீர்கள். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைக்காரரோடு படம் எடுத்துக்கொள்வீர்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எங்களோடு உட்காருவீர்கள். கோவிலில் மாலை போட்டால் தலை குனிந்து வாங்கிக்கொள்வீர்கள். அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை, வாருங்கள். ஆனால் அந்த இரைச்சல் தொடங்குவதற்கு முன்பே, நாங்கள் கேட்பது என்ன என்பதை எழுத்தில் வைத்துவிட விரும்புகிறோம்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டினால் பெட்டாலிங் ஜெயா. அங்கே குடியிருப்பவருக்கு இரண்டு ஓட்டு: நாடாளுமன்றத்துக்கு ஒன்று, 56 இடங்கள் கொண்ட சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு ஒன்று. வளைவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு ஒன்றே ஒன்று. கூட்டரசுப் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் கிடையாது. நகரை நடத்தும் டத்தோ பண்டாரை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அவர் நியமனம் பெற்று வருகிறார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை 11 நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தலைநகர் அனுப்பி வைக்கிறது. மாநகர் மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஓட்டுப் போட அவர்களில் ஒருவருக்கும் சட்டப்படி உரிமை இல்லை. சாக்கடை அடைத்தாலும், கடை லைசென்ஸ் நின்றுபோனாலும், பக்கத்து மனையில் நாற்பது மாடி எழும்பினாலும் அவர்களால் செய்ய முடிந்தது ஒரு கடிதம் எழுதுவது. இதைச் சொல்லி எங்கள் உறுப்பினர்களே எங்களிடம் பலமுறை அலுத்துக்கொண்டதுண்டு.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. வேட்பாளர்களில் இளையவர்கள் இருப்பீர்கள் என்பதால் பழைய கணக்கைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம்.

1952 பிப்ரவரி 16 அன்று கோலாலம்பூர் தன் நகராட்சி மன்றத்துக்கு முதன்முறையாக ஓட்டுப் போட்டது. 12 இடங்கள். அந்தத் தேர்தலுக்காக அம்னோவும் ம.சீ.ச.வும் உள்ளூர் அளவில் கைகோத்து 9 இடங்களைப் பிடித்தன. டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்கு 2, சுயேச்சைக்கு 1. ம.இ.கா. அப்போது ஓன் ஜாபார் பக்கம் நின்று தோற்றது. பிற்பாடு அறுபது ஆண்டுக்கு மேல் நாட்டை ஆண்ட கூட்டணி பிறந்தது எந்த மாநாட்டிலும் இல்லை, இந்த ஊரின் வார்டு தேர்தலில்தான். அதே தேர்தலில் சுதந்திரக் கட்சியின் சார்பில் பங்சார் வார்டில் வென்றவர் தேவகி கிருஷ்ணன். மலாயாவில் தேர்தலில் வென்று பொதுப் பதவிக்கு வந்த முதல் பெண் என்று அறியப்படுபவர். 2024-இல் நூறு வயதில் மறைந்தார். அவர் வென்ற வார்டு அதற்கு 63 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. 1960-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் 1961 ஏப்ரலில் நடப்புக்கு வந்ததும் நகராட்சி மன்றம் போய், அதன் இடத்தில் நியமன ஆணையர் வந்து உட்கார்ந்தார். ஏறி வந்த ஏணியை ஆளும் கூட்டணியினரே எடுத்து வெளியே போட்டார்கள்.

நாடாளுமன்றத் தொகுதியின் கதை இதைவிடச் சூடானது. 1959-இல் பங்சார் தொகுதியில் சோசலிஸ்ட் முன்னணியின் தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட் வென்றார். 1964-இல் சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் 9 நாடாளுமன்ற இடங்களில் நின்று ஒன்றே ஒன்றில் வென்றது. அந்த ஒன்று பங்சார். சி.வி. தேவன் நாயர், டேவிட்டை 808 வாக்கில் முந்தினார். இருவருமே தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர்கள். தொழிலாளியின் ஓட்டுக்குத் தொழிலாளர் தலைவர்கள் இருவர் மோதிக்கொள்ள, ஆளும் கூட்டணி மூன்றாமிடத்தில் நின்றது. இன்றைய மும்முனைப் போட்டிகளைப் பார்த்து மலைப்பவர்கள் அந்த 808-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். மறு ஆண்டே சிங்கப்பூர் பிரிந்து போனது. தேவன் நாயர் இங்கேயே உறுப்பினராகத் தொடர்ந்தார். கட்சி ஜ.செ.க. என்று புதுப் பெயர் பூண்டது. ஆக, நாட்டின் பழைய எதிர்க்கட்சிகளுள் ஒன்றுக்கு நாடாளுமன்றத்தில் முதல் நாற்காலி கொடுத்ததும் இந்த வட்டாரம்தான். 1969-இல் அதே கட்சியின் கோ ஹோக் குவான் வென்றார். மூன்று தேர்தல், மூன்று கட்சிச் சின்னம், ஒருமுறைகூட ஆளும் கூட்டணிக்கு இல்லை.

அந்த 1969 தேர்தலில் கோலாலம்பூர்க்காரர்கள் சிலாங்கூர் சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போட்டார்கள். 28 இடங்களில் ஆளும் கூட்டணிக்கு 14, மற்றவர்களுக்கு 14. அதற்குப் பிறகு நடந்த கொடுமை எல்லாருக்கும் தெரியும், அதை இங்கே கிளற வேண்டாம். 1974 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. காரணம் நிர்வாகமா அரசியலா என்பதை வரலாற்றுப் பேராசிரியர்கள் பேசிக்கொள்ளட்டும். எங்கள் கைக்கு வந்த கணக்கு இதுதான்: 1950-களில் நகராட்சி ஓட்டும் இருந்தது, மேலே இன்னும் இரண்டு ஓட்டு சேர்ந்தது. 1974-க்குப் பிறகு மிஞ்சியது ஒன்று. பங்சார் என்ற தொகுதிப் பெயரும் அந்த ஆண்டோடு வரைபடத்திலிருந்து போனது.

இப்போது எங்கள் வட்டாரத்தைத் தொட்டு நிற்பவை இரண்டு தொகுதிகள். லெம்பா பந்தாய் 1986-இல் முதல் தேர்தலைக் கண்டது. 2008 வரை தேசிய முன்னணியின் கையில் இருந்தது. 1995 முதல் அதன் உறுப்பினர் ஷாரிசாட் அப்துல் ஜலில், அமைச்சராகவும் இருந்தவர். 2008 மார்ச் 8-இல் நூருல் இசா அன்வார் அவரை 2,895 வாக்கில் வென்றார். 2013-இல் ராஜா நோங் சிக்கை 1,847 வாக்கில் வென்றார். 2018-இல் பாமி பாட்சில் அதே ராஜா நோங் சிக்கை 5,598 வாக்கில் வென்று, 2022-இலும் தொகுதியைத் தக்கவைத்து அமைச்சரானார். புக்கிட் பிந்தாங்கின் போக்கு வேறு. லீ லாம் தாய் காலத்திலிருந்து அது எதிர்க்கட்சியின் கோட்டை. 1999 முதல் ஃபோங் குய் லுன் தொடர்ந்து ஆறு முறை வென்றிருக்கிறார். இடையில் நடந்த ஒரு வினோதத்தைப் பின்னால் சொல்கிறோம்.

1,847 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறோம். 2013-இல் லெம்பா பந்தாய் வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தியர்கள். நாட்டில் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் நாங்கள் பெரும்பான்மை இல்லை. ஆனால் இப்படிப்பட்ட தொகுதிகளில் தராசு முள் எங்கள் பக்கம் அசைந்தால் முடிவு மாறும். எல்லாக் கட்சிக்கும் இது தெரியும். அதனால்தான் தேர்தல் நெருங்கினால் எங்களுக்கு ஏதாவது கட்டித் தருகிறார்கள். 2010 அக்டோபரில் அன்றைய பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். வளைவு வந்தது, நீரூற்று வந்தது, தூண்களுக்குச் சாயம் வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சாலையில் எது எங்கே வர வேண்டும் என்று முடிவெடுத்த மேசையில் நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவருக்கும் இடமிருக்கவில்லை.

அந்த மேசைக்குத் தலைவர் யார் என்று பாருங்கள். 2009 முதல் 2013 வரை கூட்டரசுப் பிரதேச அமைச்சராக இருந்த ராஜா நோங் சிக் ஒரு செனட்டர், எந்தத் தொகுதியிலும் வென்று வந்தவர் இல்லை. அவரே 2013-இல் லெம்பா பந்தாயில் நின்றார், தோற்றார். அவருக்குப் பின் வந்தவர் புத்ராஜெயா உறுப்பினர். 2018 முதல் 2025 வரை வந்த அமைச்சர்கள் ஷா ஆலாம், கிளந்தானின் கெத்தெரே, பெர்லிஸின் ஆராவ், ஜொகூரின் செக்கிஜாங் தொகுதிகளின் உறுப்பினர்கள். அவர்களில் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆராவ் நெல்வயல்காரர் ஓட்டுப் போட்டபோது எங்கள் சாக்கடைக்கு அமைச்சர் வந்தார், நாங்கள் ஓட்டுப் போட்டபோது வரவில்லை என்ற ஏற்பாடு விசித்திரமாக இல்லையா என்று கேட்கிறோம். தலைநகரத் தொகுதியிலிருந்தே ஒருவர் அமைச்சரானாலும் அது பிரதமரின் விருப்பமாகத்தான் இருக்கும், எங்கள் உரிமையாக இருக்காது.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதல் கோரிக்கை. கோலாலம்பூர் மாநகருக்குத் தேர்தல் வேண்டும். டத்தோ பண்டாரையும் மன்ற உறுப்பினர்களையும் நகர மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மற்ற எல்லாக் கோரிக்கைக்கும் வேர் இதுதான். நாங்கள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் நாடு முழுதும் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். நிலைமை சீரானதும் மீண்டும் நடக்கும் என்றார்கள். அதே ஆண்டு, உள்ளாட்சி மன்றங்களின் நடைமுறையை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், தமிழர், ம.இ.கா.காரர், ஆளும் கூட்டணியின் மனிதர். ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டு 1968-இல் அறிக்கை கொடுத்தார்கள். தேர்தல் மீண்டும் வேண்டும் என்பதே அதன் சாரம். அரசாங்கம் அறிக்கையை வாங்கிக்கொண்டது, பரிந்துரையை வாங்கிக்கொள்ளவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 15-ஆவது பிரிவில் தேர்தலுக்கு நிரந்தரமாகப் பூட்டுப் போட்டது. பினாங்கு மாநிலம் தானாகத் திறக்கப் பார்த்தபோது 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆகவே சாவி நாடாளுமன்றத்தில்தான் இருக்கிறது. அங்கே போகத்தான் நீங்கள் ஓட்டுக் கேட்கிறீர்கள். ம.இ.கா. சார்பில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆதி நாகப்பன் பெயரில் விழா எடுப்பதைவிட அவருடைய அறிக்கையை எடுத்துப் படிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

நகரத் தேர்தல் வந்தால் இனச் சமநிலை கெடும் என்று ஒரு பயம் கிளப்புகிறார்கள். 1960-களின் கோலாலம்பூரை மனத்தில் வைத்துப் பேசும் பேச்சு அது. இன்று தலைநகரில் மலாய்க்காரர்களே பெரிய சமூகம். லெம்பா பந்தாயின் கடந்த நான்கு தேர்தல்களில் வென்றவர், இரண்டாமிடம் வந்தவர் எல்லாருமே மலாய்க்காரர்கள். சீனரும் இந்தியரும் அவர்களில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று கட்சியையும் வேலையையும் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். எங்கள் தொகுதியே கண்முன் நிற்கும் பதில். மேயர் தேர்தலைப் பற்றி அண்மையில் மறுபடி பேச்சு எழுந்திருக்கிறது. பேச்சாகவே அது இன்னொரு ஐம்பது ஆண்டு ஓடிவிடக் கூடாது.

கிள்ளான் நண்பர்களும் இந்தக் கோரிக்கையில் எங்களோடு சேர்கிறார்கள். வெ. மாணிக்கவாசகம் முதல் சார்ல்ஸ் சந்தியாகோ, கணபதிராவ் வரை இந்தியர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் அது. அவர்களுக்குச் சட்டமன்ற ஓட்டு இருக்கிறது என்றாலும், 2024 பிப்ரவரியில் அரச மாநகராக உயர்ந்த கிள்ளான் மன்றத்தின் உறுப்பினர்கள் இன்னும் நியமனத்தில்தான் வருகிறார்கள். பட்டம் உயர்ந்தது, ஓட்டு வரவில்லை.

தேர்தல் வரும்வரை இடைக்கால ஏற்பாடாக, தலைநகரின் 11 உறுப்பினர்களும் பதவியின் பேரிலேயே மாநகர் மன்ற ஆலோசனை வாரியத்தில் ஓட்டுரிமையோடு உட்கார வேண்டும். எந்தக் கட்சியாக இருந்தாலும் 11 பேரும். வாரியக் கூட்டங்கள் பொதுமக்கள் பார்க்க நடக்க வேண்டும்.

இரண்டாம் கோரிக்கை, தொகுதி எல்லை. 2013-இல் கிள்ளானை ஒட்டிய காப்பாரில் 144,159 வாக்காளர்கள், புத்ராஜெயாவில் 15,791. இரண்டுக்கும் ஆளுக்கொரு நாடாளுமன்ற உறுப்பினர். அதாவது ஒன்பது காப்பார்க்காரர் சேர்ந்தால்தான் ஒரு புத்ராஜெயாக்காரர் ஓட்டுக்குச் சமம். அந்தத் தேர்தலுக்குப் பின் எங்கள் நகருக்கு அமைச்சராக வந்தவர் அந்த 15,791 பேரின் உறுப்பினர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2018 எல்லை மாற்றத்துக்குப் பிறகும் நோய் தீரவில்லை. 2022-இல் பாங்கி தொகுதியில் மூன்று லட்சத்தைத் தாண்டிய வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் முப்பதாயிரத்துக்கும் குறைவு. சரவாக்கின் ஆறும் காடும் நிறைந்த தொகுதிகளுக்குத் தனிச் சலுகை தேவை என்பதை ஏற்கிறோம். தீபகற்பத்தில் பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இரு எல்லைச் சீரமைப்புகளுக்கு இடையே குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. தீபகற்பத்தின் கடைசிச் சீரமைப்பை மக்களவை 2018 மார்ச்சில் ஏற்றது. ஆக, அடுத்தது தொடங்கக் காலம் வந்துவிட்டது. வரைவு வெளியானால் ஆட்சேபம் சொல்ல ஒரு மாத அவகாசம். சொல்லும் தகுதி யாருக்கு? மாநில அரசாங்கத்துக்கு, ஊராட்சி மன்றத்துக்கு, பாதிக்கப்படும் வாக்காளர்கள் 100 பேர் சேர்ந்தால் அவர்களுக்கு. எங்களுக்கு மாநில அரசாங்கம் இல்லை. எங்கள் ஊராட்சி மன்றம் நியமன மன்றம். மூன்று வாசலில் இரண்டு எங்களுக்கு அடைத்தே கிடக்கிறது. ஆகவே வரைவு வரைபடத்தைத் தெருப் பெயரோடு, தமிழ் உட்பட எல்லா மொழியிலும், ஒவ்வொரு அடுக்குமாடியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். அவகாசம் மூன்று மாதமாக வேண்டும். ஒரு வட்டாரத்தை ஏன் வெட்டினோம், ஏன் ஒட்டினோம் என்று தேர்தல் ஆணையம் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் போன்ற பழைய குடியிருப்பைத் தண்டவாளத்தையும் சாலையையும் பார்த்துத் துண்டாடாமல் ஒரே தொகுதியில் வைக்க வேண்டும்.

மூன்றாம் கோரிக்கை, வாக்காளர் பட்டியல். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே பட்டியலில் சேர்கிறார்கள். நல்ல மாற்றம், வரவேற்றோம். ஆனால் சேர்வது அடையாள அட்டை முகவரியில். எங்கள் வட்டாரத்தில் எத்தனை குடும்பம் குவார்ட்டர்ஸை விட்டு, புறம்போக்கு வீட்டை விட்டு, இடிந்த வரிசை வீட்டை விட்டு எங்கெங்கோ போயிருக்கிறது! ஐசியில் பழைய முகவரி, ஆள் பூச்சோங்கில். வேறு சிலர் இங்கேயே வாடகை வீட்டில் இருபது ஆண்டாக இருக்கிறார்கள், ஓட்டு பேராக்கில் ஏதோ ஒரு தோட்டத்து முகவரியில். தேர்தல் ஆணையமும் தேசியப் பதிவுத் துறையும் ஆண்டுக்கு ஒருமுறை அடுக்குமாடி அடுக்குமாடியாக வந்து முகவரி மாற்றத்தை அங்கேயே, கட்டணமில்லாமல் முடித்துத் தர வேண்டும்.

நான்காம் கோரிக்கை, முன்னே சொன்ன வினோதத்திலிருந்து பிறந்தது. 1995-இல் புக்கிட் பிந்தாங்கில் ஜ.செ.க.வின் வீ சூ கியோங் மக்கள் ஓட்டில் வென்றார். நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு முன்பே விதித்திருந்த அபராதத்தைக் காரணமாக வைத்து வழக்கு வந்தது. அவர் வெற்றி செல்லாது என்றானது. இடைத்தேர்தல் நடக்கவில்லை. தோற்றுப்போன ம.சீ.ச. வேட்பாளரை உறுப்பினர் என்று நீதிமன்றம் அறிவித்தது. ஒரு தொகுதியே சேர்ந்து வேண்டாம் என்று சொன்னவர் அந்தத் தொகுதியின் பேரில் மக்களவையில் உட்கார்ந்தார். 1999-இல் முதல் வாய்ப்புக் கிடைத்ததும் மக்கள் அதைத் திருத்திக்கொண்டார்கள்.

2018-இல் தலைநகரின் பத்து (Batu) தொகுதியில் அதே கயிறு மறுபடி இறுகியது. 2,000 ரிங்கிட் அபராதம் பெற்றிருந்த தியான் சுவாவின் வேட்புமனுவை மனுத்தாக்கல் நாளன்றே நிராகரித்தார்கள். களத்தில் மிஞ்சிய சுயேச்சைகளில் ஒருவர் 22 வயதுச் சட்ட மாணவர் பிரபாகரன். பக்காத்தான் அவருக்கு ஆதரவு கொடுக்க, வாக்காளர்கள் நாட்டின் ஆக இளைய உறுப்பினரை அனுப்பி வைத்தார்கள். அந்தத் தொகுதிக்காரர்களுக்கு அது நல்லபடி முடிந்தது, ஆனால் எல்லாத் தொகுதிக்கும் ஒரு பிரபாகரன் கிடைப்பார் என்று நம்பி இருக்க முடியாது.

உறுப்பினர் தகுதியை இழக்க வைக்கும் அபராதமாக அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவு சொல்லும் 2,000 ரிங்கிட் என்ற தொகை சுதந்திரம் பெற்ற காலத்து எழுத்து. அன்று அது ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். இன்று பங்சாரில் ஒரு மாத வீட்டு வாடகைக்குப் போதாது. தொகையை இன்றைய மதிப்புக்கு உயர்த்த வேண்டும். வெற்றி செல்லாது என்று தீர்ப்பானால் தொகுதிக்கு இடைத்தேர்தல் கட்டாயம் என்று தேர்தல் குற்றச் சட்டம் சொல்ல வேண்டும். ஓட்டை எண்ணும் உரிமை நீதிமன்றத்துக்கு இருக்கட்டும், எங்களுக்காக ஓட்டுப் போடும் உரிமை வேண்டாம்.

ஐந்தாம் கோரிக்கை சுருக்கமானது. தொகுதி நிதியைச் சட்டமாக்குங்கள். 2008 முதல் 2018 வரை எங்கள் இரு தொகுதியும் எதிர்க்கட்சியிடம் இருந்ததால் மத்திய அரசின் தொகுதி நிதி எங்கள் உறுப்பினர்களுக்குக் கிடைக்கவில்லை. 2018-க்குப் பிறகு கட்சிகள் இடம் மாறின, வழக்கம் மாறவில்லை: நிதி பெறுபவர் ஒருவர், குறைத்துப் பெறுபவர் இன்னொருவர். வரி கட்டும்போது யாரும் எங்களிடம் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்பதில்லையே.

ஆறாம் கோரிக்கை, வீடும் நிலமும். கேஎல் சென்ட்ரல் 2001-இல் திறந்தது. அது நிற்கும் மண் பழைய ரயில்வே சரக்கு யார்டு. அந்த ரயில்வேயை நம்பித்தான் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் இங்கே குடியேறினார்கள். நிலையம் வந்ததில் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சுற்றி எழுந்த கோபுரங்களில் எங்கள் பிள்ளைகள் வாங்கும் விலையில் வீடு இல்லை. 1904-இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமத்தின் வளாகத்திலேயே 23 மாடி கட்டத் திட்டம் வந்தபோது, 2014-இல் ஊர் திரண்டு கையெழுத்து வாங்கி, கூட்டம் போட்டு, 2016-இல் அதைத் தேசிய மரபுச் சின்னமாக்கித் தடுக்க வேண்டியிருந்தது. தாமான் ரிம்பா கியாராவைக் காக்க தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் பல ஆண்டு வழக்காடி, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த்தான் மாநகர் மன்றத்தின் அனுமதியை ரத்து செய்ய முடிந்தது. வக்கீலுக்குக் கொடுக்கக் காசுள்ள வட்டாரம் அது. கெரிஞ்சி அடுக்குமாடிக்காரர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

2025-இல் முன்வைத்த நகர்ப்புறப் புதுப்பித்தல் மசோதா எங்கள் பயத்தைக் கூட்டியது. 30 வயது தாண்டிய கட்டடத்தில் 75 விழுக்காட்டினர் சம்மதித்தால் போதும், கைவிட்ட கட்டடமென்றால் 51 போதும் என்றது அதன் கணக்கு. எந்த வடிவில் அது திரும்பி வந்தாலும் மூன்று உறுதி வேண்டும். மறுத்தவருக்கும் அதே இடத்தில், அதே அளவுக்குக் குறையாத வீடு. வாடகைக்காரருக்கும் இடமாற்று ஏற்பாடு. பராமரிப்புக் கட்டணம் முன்பைவிட ஏறினால் அந்த வித்தியாசத்தைக் கட்டுமான நிறுவனம் ஏற்பது. மேலும், கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040-இல் ஒரு மனையின் அடர்த்தியை மாற்றும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அந்த மனையின் வேலியிலேயே தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

அடுத்தவை சிறியவை, ஆனால் தினமும் கால் இடறுபவை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது பிரிக்பீல்ட்ஸில். கைத்தடியோடு நடப்பவர்கள் இந்த ஊரின் பழைய குடிகள். அவர்களுக்காகப் பதித்த புடைப்புக் கல் பாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, கடைச் சரக்கு கிடக்கிறது, சில இடத்தில் பாதை நேரே ஒரு கம்பத்தில் போய் முட்டுகிறது. நிற்பவற்றில் பாதி எங்கள் மக்களின் வண்டிதான், எங்கள் கடைகளின் சரக்குதான். ஆகவே அபராதம் போடுங்கள், எங்களுக்கும் சேர்த்தே போடுங்கள். பாதை போடும்போது பார்வையற்றவர் ஒருவரை நடக்கவைத்துப் பார்த்த பிறகே ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுங்கள்.

தீபாவளிச் சந்தைக் கடைகள். லைசென்ஸ் யாருக்குக் கிடைத்தது, என்ன கட்டணம், குலுக்கல் எப்போது நடந்தது என்ற பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே வெளியாக வேண்டும். ஒருவர் பேரில் எடுத்து இன்னொருவருக்கு மேல்வாடகைக்கு விடுவது நிற்க வேண்டும். எந்தக் கட்சிக் கிளையின் சிபாரிசுக் கடிதமும் வேண்டாம்.

இந்தச் சாசனத்தை எப்படிக் கையாளப்போகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வேட்புமனுத் தாக்கல் நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுதித் தர வேண்டும். இல்லை என்று எழுதுபவர் காரணத்தையும் எழுதினால் மதிப்போம், கூட்டம் போட்டு நேரில் கேட்டுக்கொள்வோம். ‘பரிசீலிக்கிறேன்’ என்பதை இல்லை என்றே எடுத்துக்கொள்வோம். பதில் தராதவர் பெயருக்கு எதிரே வெறும் கோடு போட்டு, எல்லார் பதிலையும் பிரசாரக் காலம் முழுதும் கடைகளிலும் அடுக்குமாடிகளிலும் ஒட்டுவோம். வென்றவர், மக்களவையின் முதல் கூட்டத் தொடரிலேயே நகரத் தேர்தல் குறித்து அமைச்சரிடம் எழுத்துக் கேள்வி போட்டு, அந்தப் பதிலோடு பிரிக்பீல்ட்ஸில் ஒன்று, பந்தாய் டாலாமில் ஒன்று என்று இரண்டு பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறை. அமைச்சராகிவிட்டால் தம் சகாக்களிடம் எழுத்துக் கேள்வி கேட்கும் வழி அவருக்கு இருக்காது. அப்போது அமைச்சரவையில் இதை எப்போது எழுப்பப்போகிறார் என்று தேதி சொன்னால் போதும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் கீழே இடம் விட்டிருக்கிறோம். தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் எதில் எழுதினாலும் சரி. கையெழுத்துக்குப் பக்கத்தில் பெயர், கட்சி, தொகுதி, தேதி நான்கையும் எழுதித் தாருங்கள்.